எரிந்த மலைக்குப் பதினைந்து நாள்

நெருப்பு அணைந்த மறுநாள் காலையில்தான் அந்த மலையை நான் முழுதாகப் பார்த்தேன். அதன் காலடியில் நாற்பது வருஷத்துக்கு மேல் குடியிருக்கிறேன். மழைக்காலத்தில் பச்சையாக இருக்கும். தை பிறந்தால் ஆள் உயரத்துக்குக் காய்ந்த புல் நிற்கும். இரண்டிலும் மலையின் தோல்தான் தெரியுமே தவிர உடம்பு தெரியாது. அன்றைக்குப் புல் இல்லை, முள் இல்லை, புதர் இல்லை. கறுத்துப்போன சரிவு. அதில் அங்கங்கே சாம்பல் பூத்த சின்னச் சின்னக் கற்குவியல்கள்.

குழாயடியில் நின்ற எல்லோரும் பார்த்தோம். வாய் திறந்தது என் மருமகள் மட்டும்தான். "யாரு அத்த இது, மல மேல கல்ல அடுக்கி வெளையாண்டிருக்காங்க?" என்றாள். வயசானவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குடத்தையே பார்த்தோம். என் குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. குவியல்களை எண்ணத் தொடங்கினேன். பாதியில் விட்டுவிட்டேன்.

அதுவரை அங்கே ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். என்னுடையது.

எங்கள் குடியிருப்பு செம்பூரைத் தாண்டி, டிராம்பே பஸ் போகிற வழியில், மலையை ஒட்டி இருக்கிறது. கல்யாணமாகி நான் வந்து இறங்கியது தாராவியில். என் வீட்டுக்காரருக்கு எண்ணெய்க் கம்பெனிப் பக்கம் மூட்டை தூக்கும் வேலை கிடைத்ததால் இங்கே வந்தோம். நான் மாட்டுங்காவில் பாலக்காட்டுக்காரர் வீடுகளில் சமையல் செய்தேன். இருபத்தாறு வருஷம், ஒரு வீட்டிலும் என்னைப் போ என்று சொன்னதில்லை. அலமாரித் தட்டில் விரிக்கிற பழைய தமிழ்ப் பேப்பரைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். கற்றது கொஞ்சம். அது என் சொந்தச் சம்பாத்தியம்.

தலைப்பிள்ளை பெண். முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். இரண்டு நாள் வாந்தியும் பேதியும். மூன்றாம் நாள் காலையில் என் மடியிலேயே குளிர்ந்துவிட்டாள். வீட்டில் பிறந்த பிள்ளை, பிறந்ததற்குக் காகிதம் இல்லை. பிறந்ததற்கே காகிதம் இல்லாத பிள்ளை செத்ததற்கு யார் காகிதம் கொடுப்பார்கள்? சுடுகாட்டில் காகிதம் கேட்பான், இல்லை என்றால் போலீஸ் வரும் என்று எல்லோரும் பயந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் கல்லியில், இந்தச் சந்தில், பாதிப் பேர் அப்படித்தான் இருந்தோம்.

எங்கள் ஆட்கள் பல் முளைக்காத பிள்ளையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். பெற்றவள் கூடப் போகக் கூடாது. என் கல்யாணச் சேலையைக் கிழித்துச் சுற்றி, அவரும் அவர் தம்பியும் மலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். நாய் தோண்டாமல் இருக்க மேலே கல்லை அடுக்கி, முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு வந்தார்கள். நான் விடாமல் கேட்டதற்கு, வாசலில் நின்று கையைக் காட்டினார்.

"அந்த ஆனைப்பாற தெரியுதா? அதுக்கு வலப்பக்கம். போதும், இனிமே கேக்காத."

அதற்குப் பிறகு அவர் சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ஒரு வருஷம் கழித்து, சுள்ளி பொறுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் தனியாக ஏறினேன். ஆனை படுத்திருப்பது மாதிரி ஒரு பாறை. அதற்கு வலப்பக்கம் முள்ளுக்குள் ஒரு கற்குவியல் இருந்தது. உட்கார்ந்து அழுதேன், சூடம் ஏற்றினேன், இறங்கினேன். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் மாசி மாதம் அவள் போன நாளில் போய்வந்தேன்.

இரண்டாம் வருஷம் போனபோது கல்லின் மேல் காய்ந்த சாமந்திச் சரம் கிடந்தது. பக்கத்தில் சூடம் எரிந்த கறை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் வந்திருக்கிறார். வீட்டில் வாயைத் திறக்காத மனுஷன், எனக்குத் தெரியாமல் பூ வாங்கிக்கொண்டு மலை ஏறியிருக்கிறார். கல் நெஞ்சக்காரர் என்று அதுவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இறங்கி வந்து அவருக்கு நண்டுக் குழம்பு வைத்தேன். "என்ன விசேஷம்?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். ஒவ்வொரு வருஷமும் பூ இருந்தது. அதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பின்னால் அவர் குடித்துவிட்டு வந்த நாட்களிலும், கை நீட்டிய நாட்களிலும், அந்தச் சாமந்திச் சரத்தை நினைத்துத்தான் பொறுத்தேன்.

அவர் இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இறந்த மறு மாசியில் நான் மலை ஏறினேன். கல்லின் மேல் பூ இருந்தது.

சரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பயம் என்று சொல்ல மாட்டேன். வெயில் நன்றாக அடித்தது, கீழே பஸ் சத்தம் கேட்டது. "வந்துட்டுப் போயிட்டீராக்கும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அடுத்த வருஷத்திலிருந்து பிள்ளைக்குச் சூடமும் அவருக்கு ஒரு பீடிக்கட்டும் கொண்டுபோனேன். மறுவருஷம் போனால் பீடிக்கட்டு இருக்காது, பூ இருக்கும். இப்படியே போய்க்கொண்டிருந்தது. நான் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். எனக்கு என்னவோ அது வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருந்தது.

இந்த வருஷமும் போனேன். முழங்கால் முன்னைப் போல் இல்லை. கல் இடுக்கில் சூடத்தை வைத்து ஏற்றினேன், காற்று அலைந்தது. அணைகிற வரைக்கும் இருந்தேன் என்று கண் சொல்கிறது. சீக்கிரம் இறங்கினேன் என்று கால் சொல்கிறது. மூன்றாம் நாள் மத்தியானம் மலை பற்றி எரிந்தது. சாயங்காலத்துக்குள் இந்தப் பக்கம் முழுவதும் போய்விட்டது. ஆளுக்கோ வீட்டுக்கோ சேதம் இல்லை. சூடத்தின் நெருப்பு இரண்டு நாள் உயிரோடு இருக்குமா? காய்ந்த சாணத்தில் பிடித்தால் இருக்கும். இதை யாரிடம் கேட்பது? தண்டவாளத்துப் பக்கம் பீடியைப் போட்டவன் வேலை என்றார்கள், குப்பை எரித்தவன் வேலை என்றார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஒரு வாரத்தில் பொதுக் கழிப்பறைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மராட்டி எழுத்து. மருமகள் படித்துச் சொன்னாள். அவள் இங்கேயே பிறந்து முனிசிபல் பள்ளிக்கூடத்தில் படித்தவள். மராட்டி, இந்தி நன்றாக வரும், தமிழ் எழுத்து தெரியாது.

"புது கானூன் வந்திருக்கு அத்த. சர்க்காரி ஜமீன், கவர்ன்மென்ட் நெலம், தீயில எரிஞ்சா ஒடனே சரி பண்ணணுமாம். முன்ன மாதிரி ஃபைலு டேபிள் டேபிளா போகாது. பள்ளம் வெட்டி, செடி நட்டு, வேலி போட்டு, மழைக்கு முன்னாடி முடிச்சிருவாங்க. யாருக்காச்சும் ஆட்சேபம்னா பதினஞ்சு நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணும்."

"தீ எப்படி வந்துதுன்னு விசாரிக்க மாட்டாவளா?"

"அது தனியா நடக்குமாம். அதுக்காக வேலைய நிப்பாட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு." அவளுக்குச் சந்தோஷம். "நல்ல கானூன் அத்த."

நல்ல சட்டம்தான். அதை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. சில வருஷத்துக்கு முன் மலையின் மறுபக்கம் எரிந்தபோது யாரும் ஒரு செடி நடவில்லை. பிடிக்க வேர் இல்லாமல் மழையில் மண் இறங்கி, அங்கே மூன்று வீட்டுச் சுவரைத் தள்ளிவிட்டது. என் பேத்தி படுக்கிற அறையின் பின்சுவர் மலையோடு ஒட்டி இருக்கிறது. மண்ணைத் தடுக்கப் பள்ளம் வெட்டத்தான் வேண்டும். ஆனால் நோட்டீஸில் இருந்த படத்தில், பள்ளம் என்று போட்ட கோடு ஆனைப்பாறையின் வலப்பக்கமாகவே போனது.

மறுநாள் மலை ஏறினேன். கரி காலில் ஒட்டியது. பாறைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எங்கள் எதிர்வீட்டுக்காரி. என்னைவிட நாலைந்து வயசு இளையவள், நாற்பது வருஷமாக என்னோடு ஒரே குழாயில் சண்டை போடுகிறவள். என் குவியலின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"ஏளா, இங்க என்ன செய்யுத?"

"நீங்க என்ன செய்யுதீய மைனி?"

"அது எம் பிள்ள."

அவள் கையை எடுக்கவில்லை. "எது? இதா? நல்லா இருக்கே கத! எங்க வீட்டுக்காரரு வாசல்ல நின்னு காட்டுனாவ. ஆனப்பாறைக்கு வலப்பக்கம்னு. நா தை மாசம் தோறும் பூக் கொண்டாந்து போடுதேன்."

அவள் எதிரே கரியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பூ நீ போட்டதா?"

"பின்ன ஆரு போடுவா?" என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்போ பீடிக்கட்டு வச்சது நீங்களா? பச்சப்பிள்ள கெடக்க எடத்துல எந்த மூதேவி பீடி வைக்குதுன்னு வருஷா வருஷம் வைஞ்சுக்கிட்டே தூக்கி எறிஞ்சேன்!"

சிரிப்பு வந்தது அவளுக்கு. எனக்கும் வந்தது. பிறகு எனக்கு அது சிரிப்பாக இல்லை. புதைத்த அன்றைக்குப் பிறகு அவர் ஒருநாளும் மலை ஏறவில்லை. உயிரோடு இருந்தபோதும் ஏறவில்லை, செத்த பிறகும் வரவில்லை. அத்தனை வருஷமும் நான் யாரோடு குடும்பம் நடத்தினேன்?

சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. என் பிள்ளை, உன் பிள்ளை என்று குழாயடி மாதிரியே கத்தினோம். கத்தி முடித்து மூச்சு வாங்கியபோது அவள்தான் கையைக் காட்டினாள். பாறைக்குக் கீழே பத்து அடி தள்ளி இன்னொரு குவியல். கல் சரிந்து, பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. முள்ளுக்குள் மறைந்திருந்தது, நெருப்புதான் அதைத் திறந்து காட்டியிருக்கிறது. அதுவும் பாறைக்கு வலப்பக்கம்தான்.

"ரெண்டுல ஒண்ணு ஒமக்கு, ஒண்ணு எனக்கு" என்றாள் மெதுவாக.

"எது எதுன்னு எப்படிச் சொல்ல?"

என் கொழுந்தனும் அவள் வீட்டுக்காரரும் போய்விட்டார்கள். கேட்க ஆள் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பிள்ளைக்குப் பூவும் சூடமும் கொடுத்திருக்கிறோம். இன்னொரு பிள்ளை இத்தனை வருஷம் பத்து அடி தள்ளி, யாரும் வராமல், பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறது. அது யாருடையது? அன்றிலிருந்து எனக்குப் பகலிலேயே அந்த நினைப்புதான். அடுப்பில் பால் வைத்தால் பொங்கிவிடும். பேத்தி கூப்பிட்டால் வேறு யாரோ கூப்பிட்ட மாதிரித் திரும்புவேன்.

ஆட்சேபம் எழுத உட்கார்ந்தேன். மூன்று நாள் ஆனது. "மலையில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனைப்பாறைக்கு வலப்பக்கம் தோண்ட வேண்டாம்." இவ்வளவுதான். கீழே என் பெயரை எழுதினேன். எதிர்வீட்டுக்காரியிடம் கையெழுத்துக் கேட்டேன்.

"வேண்டாம் மைனி. காகிதம் இல்லாம பொதச்சோம்னு நாமளே எழுதிக் குடுக்கவா? எம் மருமவனுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பான்?" பிறகு, "ஒமக்கு எழுதத் தெரியும்னு ஊருக்குக் காட்டப் போறீயளாக்கும்" என்று ஒரு குத்தும் வைத்தாள்.

பதினைந்தாம் நாள் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் வைத்தார்கள். வந்த அதிகாரி, சாஹேப், சின்னப் பையன்தான், என் மகனைவிட இளையவர். திட்டத்தை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். நான் எழுந்து போய்க் காகிதத்தைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"மாவ்ஷி, இது மதராஸி எழுத்து. யாராவது படித்துச் சொல்லுங்கள்" என்று இந்தியில் சொன்னார். மாவ்ஷி என்றால் மராட்டியில் சித்தி.

மருமகளைப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரியாது. நாற்காலியில் இருந்த இளையவர்கள் ஒருவருக்கும் தெரியாது. தமிழ் எழுத்து தெரிந்த கிழவிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்று நாள் பாடுபட்டு எழுதினேனே, அதை வாங்குகிறவருக்குப் படிக்க வராது என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தார்கள். கல்லி முழுவதும் கேட்க, எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் நானே சொன்னேன். என் பிள்ளை அங்கே இருக்கிறாள் என்று. நான் மட்டும் இல்லை, இன்னும் பல பேருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று.

சாஹேப் தண்ணீர் குடித்தார். மரியாதையாகத்தான் கேட்டார்: பதிவு இருக்கிறதா? பிறப்பு, இறப்பு, ஏதாவது ஒரு காகிதம்? பதிவில் இருக்கிற கோயில், சமாதி என்றால் பள்ளம் போகிற கோட்டை மாற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது. பதிவு இல்லை என்றால் அவர் கையில் ஒன்றும் இல்லை.

அப்போது என்னிடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதையும் எடுத்துப் போட்டேன்.

"தீ வச்சது நானா இருக்கும் சாஹேப். மல எரியதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி அங்க சூடம் கொளுத்தினேன். எழுதிக்கோங்க. போலீஸக் கூப்புடுங்க. விசாரிச்சு முடிங்க, அதுக்குப் பொறவு தோண்டுங்க."

மருமகள் "அத்த!" என்று என் கையைப் பிடித்தாள். சாஹேப் பேனாவை எடுக்கவே இல்லை.

"அது வேறு ஃபைல் மாவ்ஷி" என்றார். "எங்கே தொடங்கியது என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்தாலும் இந்த வேலை நிற்காது. வீட்டுக்குப் போங்கள்."

ஜெயிலுக்குப் போகத் துணிந்து சொன்னேன். அதை வைத்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை. இன்றுவரை யாரும் வந்து விசாரிக்கவில்லை. விசாரித்து, நீ இல்லை என்று சொல்லியிருந்தாலாவது தூங்குவேன்.

மருமகள் என் கையைப் பிடித்தபடியே வீடு வரைக்கும் வந்தாள். வாசலுக்கு வந்த பிறகு, "அப்ப உங்க மகனுக்கு ஒரு அக்கா உண்டா அத்த?" என்றாள். உண்டு என்றேன். உள்ளே போய் எனக்கு டீ போட்டாள்.

இரண்டு நாளில் சுண்ணாம்புப் பொடி போட்டுக் கோடு கிழிக்க ஒரு மராட்டிப் பெண் வந்தாள். கூட்டத்தில் ஓரமாக நின்று எல்லாம் கேட்டவள். ஆனைப்பாறைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பையைக் குடைந்துகொண்டே, யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "பெரிய கல் கிடக்கிற இடத்தில் இயந்திரத்தின் பல் உடையும். அங்கே பாறை என்று எழுதிக் கோட்டை வளைப்பேன். எனக்கு எழுத முடிந்தது அவ்வளவுதான். நாளை மறுநாள் மறுபடியும் வருவேன்."

மறுநாள் காலையிலேயே நான் கல் தூக்க ஆரம்பித்தேன். ஒரு கல்லைப் பாறை வரைக்கும் கொண்டுசேர்க்க நாலு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. மூன்றாவது கல்லோடு ஏறும்போது பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரி, தலையில் கல் வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னளா?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு" என்றாள்.

மத்தியானத்துக்குள் குழாயடிக் கிழவிகள் எல்லோருக்கும் டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். ஒருவரிடம் ஒருவர் எதற்கு என்று கேட்கவில்லை. அவரவர் வாசலிலிருந்து காட்டப்பட்ட இடத்துக்கு அவரவர் போனோம். அங்கே நின்று, அது இதுதானா என்று சந்தேகம் வந்து, பக்கத்துக் குவியலுக்கும் ஒரு கல் வைத்தோம். சாயங்காலம் வேலை விட்டு வந்த மருமகள்கள் சிலரும் சேர்ந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் சரிந்து கிடந்த குவியலுக்குத்தான் முதலில் அடுக்கினோம்.

கோடு வளைந்தது. எல்லா இடத்திலும் இல்லை, பெரும்பாலும் வளைந்தது. எங்கள் இரண்டு குவியலுக்கும் நடுவே, கல் ஒன்றும் இல்லாத வெறும் மண்ணில், அந்தப் பெண் சுண்ணாம்பு போட்டாள். வேறு வழி இல்லை, மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும் என்று கையைக் காட்டினாள். அதற்குக் கீழே என் வீட்டுக் கூரை தெரிந்தது. சரி என்றேன்.

பொக்லைன் வந்த காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு குவியலுக்குப் பக்கத்தில் நின்றோம். டிரைவர் எங்களை விலகச் சொல்லிக் கத்திப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான். இயந்திரம் மெதுவாகத்தான் தோண்டியது. மேலே கரி, அடியில் சிவப்பு மண். கல் உருண்டு போன மூன்றாவது குவியல் ஒன்று அந்த வெறும் மண்ணில் இருந்திருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. தோன்றியதும் நான் மலையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பள்ளத்துக்குள் நான் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுக்காரி பார்த்தாள். டிரைவரிடம் கையைக் காட்டி நிறுத்தினாள். இயந்திரம் நின்றது. அவள் சறுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினாள். கொஞ்ச நேரம் கையால் மண்ணைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு ஏறி வந்து டிரைவரைப் போகச் சொன்னாள்.

"என்னளா?" என்று கேட்டேன்.

"மண்ணுதான் மைனி" என்றாள்.

சேர்ந்து இறங்கினோம். முந்தானைக்குள் எதையோ வைத்த மாதிரி ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். குழாயடிக்கு வந்ததும், வீட்டுக்குள் நுழையாமல், உடுத்திய சேலையோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். புதைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அப்படிக் குளிப்பார்கள்.

இந்த மழைக்கு எங்கள் கல்லியில் மண் இறங்கவில்லை. மலையில் செடி பிடித்திருக்கிறது, சுற்றிலும் வேலி, யாரும் ஏற முடியாது. நாங்கள் இரண்டு பேரும் இன்னும் தினமும் குழாயடியில் பார்த்துக்கொள்கிறோம். இப்போது அவள் எனக்கு முன்னால் குடத்தை வைப்பதில்லை, எனக்கு இடம் விடுகிறாள். எதற்காக விடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.